எப்ப வருதிய

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா மேடம்? ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் சத்தம் வருகிறது. நான் சொல்வதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், அது வார்த்தைக்கு வார்த்தை நடுவில் வந்து உட்காரும். வேர்க்கும்தான். ஆனாலும் வாக்குமூலம் என்று ஒன்றைக் கொடுத்தால் அது கேட்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

நன்றி. பெயர் உச்சிமாகாளி. போஸ்டரில் வெறும் உச்சி. தொழில் இசை என்று சொன்னதும் உங்கள் ரைட்டர் என்ன வாத்தியம் வாசிப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றும் வாசிக்கத் தெரியாது என்றேன். அப்போதே என்னைப் பொய்க்காரன் என்று முடிவு கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய செல்போன் அடித்தது. அதில் வந்தது என் பாட்டு. சங்கடப்படுவாரே என்று நான் சொல்லவில்லை.

நான் சத்தங்களைச் சேகரிக்கிறவன். கம்ப்யூட்டரில் போட்டு நறுக்கி, ஒட்டி, பாட்டாக்குவேன். என் முதல் பாட்டில் முரசு மாதிரி ஒன்று கேட்கும். அது குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் போடுகிறவர் ஒரு விருதுநகர்க்காரர் முதுகில் அறைந்த சத்தம். நல்ல அகலமான முதுகு. சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ ஆயிரம் பேர் அந்த முதுகுக்கு ஆடியிருக்கிறார்கள். பாவம், அவருக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது பாட்டு முழுக்கத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கடையம், பாவூர்சத்திரம் என்று கூவுகிறவரின் தொண்டை. உச்சி ஒட்டினால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். உங்கள் ஆட்கள் நேற்று அள்ளிவந்த சாமான்களில் அதுவும் இருக்கும். கண்ணாடி பத்திரம்.

பாண்டிராஜ் என்னோடு சுந்தரபாண்டியபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன். அப்பா அம்மா இல்லை. கல்யாணமான கையோடு வளைகுடாவுக்குப் போனான். அவன் இருக்கிற நாட்டில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. அதனால் அவனும் அவன் மனைவி அனுசியாவும் குரல் செய்தியிலேயே குடும்பம் நடத்தினார்கள். அவள் கடையத்தில் டீச்சர். அவன் சம்பளத்தை நம்பி உலை வைத்தவள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் அவன் எனக்கு போன் போட்டான். "எனக்கு இங்கன வேற ஒருத்தி இருக்கா லே. இனி ஊருக்கு வரமாட்டேன். அனு அழுகையைக் கேக்க எனக்குத் தெம்பில்ல. நீ பக்குவமா சொல்லிரு" என்றான். நம்பரையும் மாற்றப் போவதாகச் சொன்னான். அப்படியானால் பழைய நம்பரின் வாட்ஸ்அப்பை எனக்குக் கொடு என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் போனுக்கு வந்த ஆறு இலக்க ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவனைத் தேடிப் பிடித்தால் இதையும் கேளுங்கள்.

பக்குவமாகத்தான் சொல்ல நினைத்தேன். ஒரு வாரம் போகட்டும் என்று பார்த்தேன். அதுவரை அவள் பதறக்கூடாதே. ஆறு வருஷமாக அவன் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் நானூறுக்கு மேல் என்னிடம் இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் லே இருந்தது. பெண்டாட்டியிடம் லே போட முடியுமா? இரண்டு ராத்திரி லேயை நறுக்கியே என் கண் பூத்துப்போனது. கடைசியில் ஒன்பது விநாடி தேறியது. சாப்பிட்டியா அனு, எனக்கு வேலை ஜாஸ்தி, பிறகு பேசுதேன். அவ்வளவுதான். அதை அவன் நம்பரிலிருந்தே அனுப்பினேன்.

அவள் நான்கு நிமிஷம் பதில் அனுப்பினாள். சூரியகாந்திக் காட்டில் ஷூட்டிங் எடுக்க வந்தவர்களைத் தேனீ துரத்திய கதை. நடுவில் சிரித்தாள். பின்னால் சாரல் ஓட்டுக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு சத்தம் என் கைக்கு அதுவரை வந்ததில்லை மேடம். அதற்கு மேல் அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆல்பம் போட முடியாது. இது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். பொங்கலுக்கு வருகிறேன் என்று அவனைச் சொல்லவைத்தேன். அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். போகிக்கு முந்தின நாள் லீவு இல்லை என்று சொல்லவைத்தேன். கோபம் கிடைத்தது. நல்ல கோபம், ஒன்றரை நிமிஷம். அடுத்த சித்திரையில் அவளுக்குச் சென்னையில் பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போகட்டுமா என்று கேட்டாள். போகாதே, சீக்கிரம் வந்துருவேன் என்று பதில் போனது. சென்னைக்குப் போனால் ஹாஸ்டலில் இருப்பாள், பின்னால் பஸ் சத்தம் கேட்கும். சாரல் கிடைக்குமா? நீங்களே சொல்லுங்கள். அவளும் போகவில்லை.

அவள் அப்பா செத்தபோது நானும் சுடுகாடுவரை போனேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வர முடியல அனு என்று நான்கு விநாடி செய்தி அனுப்பினேன். அதற்கு அவள் அனுப்பியதுதான் ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு. அதில் வார்த்தையே கிடையாது. கேட்டவர்கள் புல்லாங்குழலா என்கிறார்கள்.

பிடிபட்டது போன வாரம். குற்றாலத்தில் சீசன் விழா மேடையில் என் நிகழ்ச்சி. எப்ப வருதிய என்று அவள் தினமும் கேட்பதைக் கொஞ்சம் மெலிதாக்கி, ஒரு பாட்டு முழுக்க ஓடவிட்டிருந்தேன். நாலாயிரம் பேர் கூடவே கேட்டார்கள், எப்ப வருதிய, எப்ப வருதிய என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளும் வந்திருந்திருக்கிறாள். தன் குரலைத் தானே அடையாளம் கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. அந்த முதுகுக்காரர் நேரில் கேட்டாலும் கண்டுபிடிக்க மாட்டார். அனுசியா கண்டுபிடித்துவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. "அது நான் எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னதுல்லா. ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு அண்ணாச்சி?"

வேறு யாராவது என்றால் சமாளித்திருப்பேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டுப்போட்ட இடம் எங்காவது தெரிந்ததா என்று ஓர் ஆர்வத்தில் கேட்டும் பார்த்தேன். அவள் திருப்பி ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கப்பா செத்தன்னைக்கு வந்தது?"

"நான்தாம்மா" என்றேன்.

ஆமாம் மேடம், நான்தான். இரண்டு வருஷம் அவளுக்கு ஒன்பது விநாடி, நான்கு விநாடியாகப் புருஷனாக இருந்தது நான்தான். ரைட்டரை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஆனால் இதையும் எழுதட்டும். விட்டுவிட்டு ஓடினவன் பாண்டிராஜ். தினமும் காலையில் சாப்பிட்டியா என்று கேட்டது நான். அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லையாமே. அவள் அண்ணன்தான் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு அவளை இங்கே கூட்டி வருவதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம் எப்படியும் பேசுவாள். அழுவாளோ, என்னை மண்ணை வாரித் தூற்றுவாளோ தெரியாது. அந்தச் சத்தம் மட்டும்தான் என்னிடம் இல்லை. அவள் பேசுவதைப் பதிவு செய்யும்போது செல்போனை மேஜை மேல் வைக்காதீர்கள், மரம் அதிரும். கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் வாய்க்கு ஒரு சாண் தள்ளி. இந்த மின்விசிறியையும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.