ஸ்பிரிங் மட்டும் மாத்தித் தரமாட்டேன்

கோவமெல்லாம் இல்ல சார், சிரிப்புதான் வருது. அந்த அட்டைப்பெட்டிய மடியில வச்சுக்கிட்டு நீங்க உக்காந்திருக்கிற அழகப் பாத்தா யாருக்குத்தான் வராது? கீழ வைங்க. நாலு ஸ்பிரிங்கு, கால் மரத்துப்போயிடும்.

சிவப்புக் கலர் வேற. கடைக்காரன் எடுத்துக் குடுத்தானா? அட, நீங்களேதானா! சரி சரி. மருந்துக்கடை, சட்டைப்பைல ரெண்டு பேனா, பதினோரு வருஷத்து வண்டி. அத ரெண்டு அங்குலம் தாழ்த்தணும்னு ஆசை. உங்க கடைக்கு வர்றவங்க பயந்துடுவாங்க சார். டாக்டர் சீட்டத் தூக்கிக்கிட்டு எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க.

இந்த மாசத்துல மூணாவது தடவ வர்றீங்க. மொத தடவ ஹாரன் சத்தம் பத்தலன்னீங்க. நான் ஒரு அடி அடிச்சேன், எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடிடுச்சு. அடுத்த தடவ வைப்பர் கீச்சுங்குதுன்னீங்க. மழையே இல்லாத வாரத்துல. நான் ஏதாவது சொன்னேனா? தொடச்சுக் குடுத்தேன். இப்ப ஸ்பிரிங்கு. உங்களவிட உங்க வண்டிக்கு உடம்பு நல்லா இருக்கு சார்.

எழுந்து வாங்க, ஒண்ணு காட்டறேன். இந்த முன்சக்கரத்துக்கு மேல கைய வைங்க. அழுத்துங்க. மாத்திரை அட்டைய அழுத்துற மாதிரி இல்ல, உடம்பு எடையப் போட்டு. ஆங். இப்ப விடுங்க. பாத்தீங்களா? ஒரு தடவ எழும்பிச்சு, அப்படியே அடங்கிடுச்சு. எழுப்பினது ஸ்பிரிங்கு. அடக்கினது அதுக்கு நடுவுல நிக்குது பாருங்க இந்தக் குழாய், ஷாக் அப்சர்பர்.

நீங்க வாங்கிட்டு வந்தது குட்டை. முரடும்கூட. இந்தப் பழைய ஷாக்கு பழைய ஸ்பிரிங்குக்குன்னே செஞ்சது. குட்டையப் போட்டா இது எப்பவும் பாதி மடங்கியே நிக்கும். ஒரு பள்ளத்துல விழுந்தா இறங்க இடமே இருக்காது, டங்குன்னு முட்டும். முட்டினதும் அந்த முரடு தூக்கி எறியும். அதப் புடிச்சு நிறுத்த இந்தக் கிழவனுக்குத் தெம்பு ஏது? ஷாக்கத்தான் சொன்னேன் சார், நீங்க ஏன் மொறைக்கறீங்க?

அப்புறம் என்ன, வண்டி ஆடிக்கிட்டே போகும். ஒவ்வொரு ஆட்டத்துலயும் சக்கரம் ரோட்ட விட்டுடும். அந்தரத்துல நிக்குற சக்கரத்துக்கு பிரேக்கு எதுக்கு, ஸ்டியரிங்கு எதுக்கு? ரெண்டு மருந்த சேத்து சாப்பிடணும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, ஒருத்தர் வந்து ஒண்ணு போதும்ங்கறாரு. நீங்க என்ன சொல்வீங்க? அதேதான் நானும் சொல்றேன்.

யாரு, நெட்லயா? ஷாக்க மாத்த வேணாம்னு போட்டிருக்கானா? அப்ப நெட்ல இல்லாதது ஒண்ணு நான் சொல்றேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

எட்டு வருஷம் முன்னாடி. இந்த ஒர்க்ஷாப்ப அப்பதான் ஆரம்பிச்சிருந்தேன். பொம்பள நடத்துற இடம்னு ஒரு வண்டி உள்ள வராது. வாசல்ல நின்னு டயருக்குக் காத்தடிப்பாங்க, என்ன மேலயும் கீழயும் பாப்பாங்க, போயிடுவாங்க. சரி, நம்ம வண்டியவே விளம்பரமா நிறுத்துவோம்னு இதே மாதிரி ஸ்பிரிங்கு வாங்கினேன். மஞ்சக் கலர். உங்க சிவப்பு பரவாயில்ல. அதுக்குப் பொருத்தமான ஷாக்குக்கும் ஆர்டர் போட்டேன். தெரியாம எல்லாம் இல்ல சார், நான் படிச்சதே அதுதான். ஆனா ஷாக்கு வரப் பத்து நாள் ஆகும்னுட்டாங்க. ஸ்பிரிங்கு பெட்டிக்குள்ள பளபளன்னு கிடக்குது. கை சும்மா இருக்குமா? மெதுவா ஓட்டிக்கலாம்னு மாட்டிட்டேன்.

பாக்க அப்படி இருந்துச்சு! அன்னிக்கே ரெண்டு பேரு நின்னு விசாரிச்சாங்க. எனக்குத் தலைகால் புரியல.

ஆறாம் நாள் அம்மாவ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அப்பா போய் ரொம்ப வருஷமாச்சு, அண்ணன் வெளியூர்ல. வீட்ல நானும் அம்மாவும்தான். போற வழியெல்லாம் அம்மா, என்னடி இது பந்து மாதிரி குதிக்குது, குதிக்குதுன்னு சொல்லிக்கிட்டே வர்றாங்க. நான் சிரிச்சேன். பெரிய பெரிய ஆளுங்க வண்டியெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும்னேன்.

திரும்பி வர்றப்ப மேம்பாலம். பாலமும் ரோடும் சேர்ற இடத்துல இரும்புப் பட்டை இருக்குமில்ல? அதத் தாண்டினதும் வளைவு. வேகமே இல்ல சார், அம்பதுகூட இருக்காது. பட்டைல ஏறி இறங்கினதும் டங்குன்னு ஒரு சத்தம். வண்டி எகிறிச்சு. எகிறினது அடங்கல, இன்னொரு தடவ எகிறிச்சு, அதுக்குள்ள வளைவு வந்துடுச்சு. ஸ்டியரிங்கத் திருப்பறேன், கைல ஒண்ணுமே தெரியல. தண்ணிக்குள்ள கைய விட்டுத் துழாவுற மாதிரி இருக்கு. பின்பக்கம் அப்படியே வழுக்கிட்டுப் போய்த் தடுப்புச் சுவத்துல... அம்மா உக்காந்திருந்த பக்கம்.

எனக்கு ஒரு கீறல் இல்ல. அம்மாவுக்குத் தோள் எலும்பு மூணு இடத்துல போச்சு. உள்ள தகடு வச்சு ஆறு ஸ்க்ரூ போட்டாங்க. எக்ஸ்ரேவ வெளிச்சத்துல புடிச்சு நானே எண்ணினேன்.

போலீஸ்காரர் வந்து என்னக் கேட்டாரு. நான் வாயத் திறக்கறதுக்குள்ள அம்மா ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே, ரோடு ஈரம் சார், வழுக்கிடுச்சுன்னாங்க. அண்ணன் ஓடி வந்து கேட்டான், அவனுக்கும் அதே பதில். காலைல ஒரு தூறல் போட்டுச்சு, வாஸ்தவம். ஆனா மத்தியானம் ரோடு காஞ்சு கிடந்துச்சு சார். அம்மாவுக்கு ஸ்பிரிங்கும் தெரியாது, ஷாக்கும் தெரியாது. என் மூஞ்சியப் பாத்தாங்க, அவ்வளவுதான், எல்லாம் தெரிஞ்சுபோச்சு.

கட்டுப் பிரிச்ச அன்னிக்கு நானே சொன்னேன். தப்பு என்னுதும்மா, தெரிஞ்சே பண்ணினேன், ஒர்க்ஷாப்ப மூடிடறேன்னேன். மூடிட்டு? வீட்ல உக்காந்து நாள் பூரா என்னப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கப்போறியா, அத என்னால தாங்க முடியாது, போய் வேலையப் பாருன்னாங்க. அண்ணன்கிட்ட இன்னிக்கு வரைக்கும் மூச்சு விடல, அவங்களும் சரி, நானும் சரி.

அந்தக் கை இன்னும் தோளுக்கு மேல எழும்பாது. எட்டு வருஷமா அம்மாவுக்குத் தலை பின்னிவிடறது நான்தான். கைய நல்லா கழுவிட்டுத்தான் சார், அப்படிப் பாக்காதீங்க. முன்னல்லாம் எப்படிப் பின்னினாலும் ஒரு வார்த்த சொல்லமாட்டாங்க. இந்த மூணு மாசமாத்தான் கண்ணாடி கொண்டாங்கறாங்க. வகிடு கோணலா இருக்குங்கறாங்க. திரும்பப் பின்னுங்கறாங்க. சாயங்காலமானா நூலகத்துக்குப் போகணும்ங்கறாங்க. வீட்ல இருக்கிற புஸ்தகத்தையே பிரிக்காதவங்க.

என்ன சார், காது வரைக்கும் சிவந்துபோச்சு?

உங்ககிட்டயும் ரோடு ஈரம்னுதான் சொல்லியிருப்பாங்க, இல்ல? தெரியும். அதனாலதான் நான் சொல்லிட்டேன். நாளைக்கு எங்க வீட்டுக்குள்ள வரப்போறவரு, அவங்க பொண்ணு யாரு, என்ன பண்ணி வச்சான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வரணும்.

எப்படிக் கண்டுபுடிச்சேனா? போன வாரம் நூலகத்து வாசல்ல இந்த வண்டிதான் நின்னுச்சு. நான் எதிர்ல ஸ்கூட்டர்ல. அம்மா முன் சீட்ல. நீங்க குனிஞ்சு, சீட் பெல்ட்ட இழுத்து, அந்தத் தோள்ல படாம, மெதுவா மாட்டிவிட்டீங்க. சரியா மாட்டிச்சான்னு ஒரு தடவ இழுத்துவேற பாத்தீங்க. நான் கை ஆட்டினேன், ரெண்டு பேருக்கும் கண்ணே தெரியல.

ஸ்பிரிங்கு இங்கயே இருக்கட்டும். பொருத்தமான ஷாக்குக்கு நான் சொல்லிவிடறேன், வந்ததும் ரெண்டையும் சேத்து மாட்டறேன். மாட்டி, நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் அம்மாவ ஏத்த விடுவேன், அதுல பேச்சே இல்ல.

அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். எல்லாத்தையும் பேசிக்கறேன். நீங்க மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க.