இடது பக்கம் சாயும் மெஷின்

...மெஷின ஓட்ட ஆளே வேணாமாம்ண்ணே! கேட்டீங்களா அநியாயத்த? இப்ப நம்ம ரயில் போகுதே, இந்தச் சுரங்கத்துல பாதி இந்த ஹஸ்னுல் தோண்டுனது. நானா மண்வெட்டி புடிச்சேன்? இல்ல இல்ல. வீடு மாதிரி மெஷின், புழுவாட்டம் மண்ணத் தின்னுக்கிட்டே போகும். நான் உள்ள உக்காந்து குமிழத் திருகுவேன். தொப்பை போட்டதுதான் மிச்சம்.

இப்ப அடுத்த சுரங்கத்துல கம்ப்யூட்டரே ஓட்டுது. யாரப் பாத்துப் படிச்சுது தெரியுமா? என்னப் பாத்துத்தான்! நான் ஓட்டுன பழைய பதிவு எல்லாத்தையும் அதுக்கு ஊட்டி விட்டாங்க. "கோலாலம்பூர்லயே உன் கைதான் கை"ன்னாங்க. நானும் பல்லக் காட்டிக்கிட்டு போட்டோவுக்கு நின்னேன். என் சீட்டுக்கு நானே குழி தோண்டிட்டேன்... அதானே நம்ம தொழிலு!

ஆனா பாருங்க, தெனமும் காலைல அது மெதுவாகுது. அப்புறம் இடது பக்கமா சாயுது. கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி நேராயிடுது. மண்ணச் சோதிச்சாங்க, தண்ணியச் சோதிச்சாங்க, ம்ஹூம்! கடைசில, அதப் படிக்க வச்ச இன்ஜினியர் பொண்ணு நூரிஸ்ஸா மேலதான் தப்புன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கெழமைலேருந்து அவ வரவேணாமாம். என்ன மட்டும் விட்டு வச்சிருக்காங்க. சாயறப்ப நிமித்த ஒரு ஆள் வேணுமே!

நான் என்ன சொன்னேன்? "பூமிக்குள்ள என்னமோ இருக்கு"ன்னு கண்ண மூடித் தலைய ஆட்டுனேன். பெரிய மகான்!

என்னண்ணே, மடியில பொட்டலத்தப் பாக்கறீங்க? நாசி லெமாக், தேங்காப்பால் சோறு. காலைல இது இல்லாம எனக்குக் கண்ணே தெரியாது. மெஷின்லயும் இதேதான். வேகத்தக் கொறச்சுட்டு, வலது கையால சாப்பிடுவேன். இடது கையால மட்டும்... ஓட்டு... வேன்...

சிரிக்காதீங்கண்ணே. எனக்கே முந்தாநாளுதான் புரிஞ்சுது. வாயே இல்லாத மெஷின், நாள் தவறாம பசியாறுது!

சொன்னா என் சீட்டு போயிடும். வீட்டுல மூணு புள்ளைங்க. சொல்லலேன்னா அந்தப் பொண்ணு... நீங்களே சொல்லுங்க... அட, எந்திரிச்சுட்டீங்க? இதா உங்க ஸ்டேஷன்? பதில் சொல்லிட்டுப் போங்கண்ணே! அண்ணே!

...போயிட்டாரு.

ஹலோ, நூரிஸ்ஸா? நான்தாம்மா, ஹஸ்னுல். என் பழைய பதிவுல நோன்பு மாசத்த மட்டும் எடுத்து மெஷினுக்குப் படிக்கக் குடு. ஆமா, அது மட்டும் போதும். நேராப் போகும்... ஏனா?

அந்த ஒரு மாசந்தாம்மா நான் ரெண்டு கையாலயும் ஓட்டுனேன்.