ஜெபசுதா அக்காவின் விரல்

ஒரே வேலையை இரண்டாம் முறையும் கையால் செய்கிறவன் மனித இனத்தையே கேவலப்படுத்துகிறான் என்பது என் கொள்கை. விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்லூரியில் ஆன்லைன் வகுப்பு நடந்த காலத்தில் என் பெயரைக் கூப்பிட்டதும் தானாகவே 'பிரசன்ட் சார்' என்று சொல்லும் ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். ஒரு பருவம் முழுக்க அது ஒழுங்காக வகுப்புக்குப் போனது. பேராசிரியர் கடைசி நாளில் அதன் ஒழுக்கத்தைப் பாராட்டினார்.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். பதினான்கு பக்கமும் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும், 'விபத்துக்குக் காரணம் மனிதத் தவறு' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

விசாரணையின்போது நீங்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தவன். பெயர் இனிகோ, வயது இருபத்து நான்கு. எங்கள் கண்டெய்னர் யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர் தொடர்பான எல்லாமே என் பொறுப்பு. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும் அதில் சேரும். அடுத்த மேஜை ஜெபசுதா அக்காவுடையது. நாசரேத்துக்காரர். பிறவியிலேயே கண் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அந்த மேஜையில் இருந்தார்.

எங்கள் வேலையை நீங்கள் அறிக்கையில் சரியாகவே விளக்கியிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கண்டெய்னர் பெட்டிகளில் முந்திரிக்கொட்டை வரும். பூச்சி சாக மருந்துப் புகை அடித்திருப்பார்கள். பூச்சியைக் கொல்லும் புகைக்கு ஆளை அடையாளம் தெரியாது. அதனால் பெட்டியின் கதவைத் திறந்து காற்றாட விட்டு, சூப்பர்வைசர் ராஜபாண்டி அண்ணாச்சி மீட்டர் வைத்துப் பார்ப்பார். ஆபீசில் ஒரு பழைய ஜாவா புரோகிராமில் பெட்டியின் விவரங்களைப் பதினேழு கட்டங்களில் நிரப்ப வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி வரும்: வாயு சோதனை முடிந்ததா? யெஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள். யெஸ் அழுத்தினால் யார்டு ஷெட்டில் இருக்கும் பிரிண்டரில் ஸ்லிப் வரும். லோடுமேன்கள் ஸ்லிப்பைக் கிழித்துக்கொண்டு போய் பெட்டிக்குள் ஏறுவார்கள். பெட்டியின் கதவில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும்தான். எல்லாப் பெட்டியிலும் ஒட்டியிருப்பதால் அதை யாரும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்லிப்பைத்தான் நம்புவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அக்காவின் லாகினுக்கு மட்டுமே உண்டு. அவர் ஒவ்வொரு முறையும் யார்டுக்கு ஃபோன் போடுவார்.

"அண்ணாச்சி, முந்திரி மூணு பெட்டி. மீட்டர் வச்சுப் பாத்தாச்சா?"

"பாக்கலன்னா விடவா போறிய. இந்தா, பாத்துட்டுக் கூப்பிடுதேன் மேடம்."

அவர் கூப்பிடும்வரை அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

"எக்கா, ஒரு பொத்தான அழுத்த எதுக்கு ஃபோனு? பொண்ணு வீட்டுல சம்மதமா கேக்கிய?"

"ஏலே, உள்ள ஏறப்போறவன் உன் சித்தப்பன்னா கேப்பேல்லா? போ, பிரிண்டர் கத்துது. அதப் போய்ப் பாரு."

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் அவருக்கு நல்லதுதான் செய்ய நினைத்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மாவால ஒரு நாளைக்கு இருபது பெட்டிக்கு மேல முடியல. பக்கத்து யார்டுல அறுவது போடுதான். ஜூன் வரைக்கும் பாப்போம்" என்றார். ஜூனுக்குப் பிறகு என்ன என்று அக்காவுக்கும் தெரியும். தம்பி வீட்டில் ஓர் அறை உண்டு. சாப்பாடு, துணிமணி எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். "அந்தச் சும்மாதான் எனக்கு வேண்டாம், இனிகோ" என்றார் என்னிடம்.

இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது. மற்ற புரோகிராம்களை எல்லாம் வாசிக்கும். இந்த ஜாவா புரோகிராம் மட்டும் அதனிடம் வாயே திறக்காது. அக்கா அதுவரை, கட்டம் விட்டுக் கட்டம் தாவ உதவும் டேப் சாவியை எண்ணியே வேலை பார்த்திருக்கிறார். ஏழாவது டேப்பில் பெட்டி எண், பதினெட்டாவது டேப்பில் கேள்வி. இந்த இரண்டு மென்பொருளுக்கும் நடுவே ஒரு சிறிய பாலம் இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் ஜாவா பேசும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இயக்கிவிட்டேன். 'யெஸ் பட்டன்' என்று திரை முதன்முதலாகச் சொன்னபோது அக்கா அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார். மறுநாள் எனக்கு ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கி வந்தார்.

பாலம் என்றால் இரண்டு பக்கமும் நடக்கலாம். ஒரு பொத்தான் தன் பெயரைச் சொல்கிறது என்றால், பெயரைச் சொல்லி அதை அழுத்தவும் முடியும். கை வேண்டாம், மவுஸ் வேண்டாம், கண்ணும் வேண்டாம். நாற்பது வரியில் ஸ்கிரிப்ட் என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்றை எழுதினேன். அறுபது பெட்டியை ஆறே நிமிடத்தில் முடித்தது.

அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "பதினேழு கட்டத்தையும் உன் மிஷினே போடட்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான்தான் பதில் சொல்லுவேன்" என்றார்.

நியாயமான கோரிக்கை. அப்படியே மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஓடியது. ஆறு நிமிடத்தில் முடிய வேண்டிய ஸ்கிரிப்ட், ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று, அண்ணாச்சி மீட்டரைத் தேடி எடுத்து, மூக்கைச் சிந்தி, பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்து, மாலை நான்கு மணிக்கு முடிந்தது. ஐயா, நீங்கள் எதையாவது அழகாகச் செய்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. செய்திருந்தால் புரியும்.

மூன்றாம் நாள் அந்த ஜாவா திரையைப் போலவே இன்னொரு திரை செய்தேன். அதே கட்டங்கள், அதே கேள்வி, அதே பொத்தான்கள், கேட்பதற்கு அதே பெயர்கள். கண் தெரிந்தவர் பார்த்தால் நிறம் கொஞ்சம் வேறு என்பார். அதை அக்காவின் கம்ப்யூட்டரில் வைத்தேன். அது எங்கேயும் போகாது, யாருக்கும் எதுவும் சொல்லாது. உண்மையான புரோகிராம் என் கம்ப்யூட்டரில், அக்காவின் லாகினில், காலை ஒன்பது மணிக்கு ஓடும். கடைசிக் கேள்விக்கு யெஸ் என்று தானே அழுத்திக்கொள்ளும். ஒன்பது ஆறுக்கெல்லாம் ஷெட்டில் ஸ்லிப் குவிந்திருக்கும். அக்கா அதற்கப்புறம் பத்து மணியிலிருந்து ஃபோன் போட்டு, விசாரித்து, யோசித்து, யெஸ்ஸோ நோவோ அழுத்திக்கொண்டிருப்பார். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. லோடுமேன்கள் ஷெட்டை ஒட்டிய பெட்டிகளில் ஏறுவார்கள்; அண்ணாச்சி மீட்டரோடு யார்டின் மறுகோடியில் இருப்பார். ஷெட்டில் ஃபேன் கிடையாது என்பதால் மதியத்துக்கு முன் அந்தப் பக்கம் வரமாட்டார்.

எட்டு மாதம். பெரும்பாலும் லோடுமேன்கள் டீயெல்லாம் குடித்துவிட்டு ஏறும்போது புகை போயிருக்கும். ஒருவரும் விழவில்லை. மேனேஜர் ஜூனை மறந்தார். ஆண்டு விழாவில் அக்காவுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் வழியில் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்ததாகச் சொன்னார். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை ஒரு மனிதருக்குக் கொடுத்தவன் என்ற முறையிலும் என்னை நீங்கள் பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் அந்த வியாழக்கிழமை. ஒன்பது ஆறுக்கு ஸ்லிப் வந்தது. பத்து மணிக்கு அக்கா ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மீட்டர்ல பேட்டரி போச்சு மேடம். இன்னும் ஒரு பெட்டியும் பாக்கல. நோ போட்டுருங்க."

"சரி அண்ணாச்சி. பாத்துட்டு நிதானமாச் சொல்லுங்க."

அக்கா நோ அழுத்தினார். 'நோ பட்டன், பிரஸ்டு' என்று திரை சொன்னது. என் காதால் கேட்டேன், கண்ணாலும் பார்த்தேன். லோடுமேன் தேவதாசன் முதல் பெட்டிக்குள் ஏறியது பத்து இருபதுக்கு.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஷெட்டுக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். எண் எனக்கு மனப்பாடம். செய்திருந்தால், 'ஸ்லிப் ஏற்கெனவே வந்துவிட்டதே, எப்படி வந்தது?' என்று கேட்டிருப்பார்கள். எட்டு மாதத்தில் எத்தனையோ நாள் அக்கா நோ அழுத்தியிருக்கிறார், ஸ்லிப் வந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணக்கை மனதில் ஓட்டிப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. எழுந்து போய் ஆபீஸ் பிரிண்டரில் பேப்பர் வைத்தேன்.

தேவதாசன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்காம் நாள் இல்லை. ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, எங்கேயும்.

நீங்கள் வந்தீர்கள். புரோகிராம் தானாகப் பதிந்துவைக்கும் லாகைப் பார்த்தீர்கள். அக்காவின் பெயர், ஒன்பது ஆறு, யெஸ். 'பத்து மணிக்குக் கூப்பிட்டார், பார்க்கவில்லை என்று சொன்னேன்' என்றார் அண்ணாச்சி. முதலில் அழுத்திவிட்டுப் பிறகு கேட்டிருக்கிறார் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் கேட்டதால் அக்காவின் கம்ப்யூட்டரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் திரையை அதிலிருந்து அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் இல்லாததால் அக்காவால் விளக்கக் கடிதம் எழுத முடியவில்லை. என்னிடம் வந்தார்.

"நான் சொல்லுததை அப்படியே அடிப்பா. 'சோதனை முடியவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் நோ அழுத்தினேன். எனக்கு இதற்கு மேல் தெரியாது.' அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சுக்கா."

"படி."

படித்துக் காட்டினேன். ஒரு சொல் விடாமல், அவர் சொன்னதை அப்படியே. தாளில் இருந்தது வேறு: 'பார்வைக் குறைபாடு காரணமாக, நோ என்று எண்ணித் தவறுதலாக யெஸ் அழுத்திவிட்டேன். வருந்துகிறேன்.' அவர் விரலைப் பிடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தேன். போட்டார். அந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் பதினோராம் பக்கத்தில் அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதன்பின் அவரை நீங்கள் கூப்பிடவே இல்லை. ஒப்புக்கொண்டவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது. கண் தெரியாதவர் என்பதால் வழக்கு வேண்டாம், வேலைநீக்கம் போதும் என்று பரிந்துரைத்தீர்கள். இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். என்னிடம் என்றால் இப்படிப் பரிவு காட்டியிருக்க மாட்டீர்கள். ஆக மொத்தத்தில் குறைந்த சேதம்.

வேலைநீக்கக் கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்டினேன். 'தாங்களே ஒப்புக்கொண்டபடி' என்ற இடத்தைத் தாண்டிவிட்டு, 'லாகில் யெஸ் என்று பதிவாகியிருப்பதால்' என்பதிலிருந்து படித்தேன்.

அக்கா கேட்டார்: "மிஷினு பொய் சொல்லுமால, இனிகோ?"

"சொல்லாதுக்கா."

"அப்போ என் விரலுதான்" என்றார். அந்த விரலை மற்ற கையால் பொத்திக்கொண்டார்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அக்கா நாசரேத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊரை ஒட்டிய புதுக்கோட்டைப் பக்கம் புதிதாக ஒரு யார்டு வந்திருக்கிறது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னேன். ஒரு லேப்டாப் வாங்கி, என் பழைய திரையை அதில் போட்டுக் கொடுத்தேன். அது எங்கேயும் போகாது என்பதை முன்பே சொல்லிவிட்டேன். மாதச் சம்பளத்தை நான் அனுப்பிவிடுகிறேன்.

பெட்டி எண்களை ஸ்கிரிப்ட்டே உருவாக்கிக்கொள்ளும்படி செய்திருந்தேன். இரண்டாம் நாளே அக்கா கூப்பிட்டார். "ஏலே, இந்த நம்பர கப்பல் கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாத்தேன். இப்படி ஒரு பெட்டியே இல்லங்கான். ஒருக்கா தப்பு பண்ணவ நான். இனி எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அழுத்துவேன்." ஆகவே எண்கள் உண்மையாக இருந்தாக வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் துறைமுகச் சாலை வளைவில் ஒரு நோட்டோடு நின்று, போகிற லாரிகளில் இருக்கும் பெட்டி எண்களை எழுதிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது. பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறேன். நேற்று ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"என்னல எழுதுத? ஃபைன் போடுத ஆளா?"

"இல்ல அண்ணாச்சி. டேட்டா என்ட்ரி."

"இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே செய்யுமே, கோட்டிக்காரப் பயலே."

"செய்யும் அண்ணாச்சி" என்றேன். அதற்குள் இரண்டு பெட்டிகள் கடந்துவிட்டன.

பத்து மணிக்கு அக்கா கூப்பிடுவார். யார்டில் விசாரித்துச் சொல்வது நான் என்பது ஏற்பாடு. பார்த்தாச்சு என்றால் யெஸ் அழுத்துவார், இல்லை என்றால் நோ. அதோடு விடமாட்டார். "இனிகோ, உன் பக்கத்துல பாத்துச் சொல்லு. இப்ப நான் அழுத்துனது நோதானே?" என்று கேட்பார். "நோதான்க்கா" என்பேன். மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்வேன். நாற்பது பெட்டிக்கும் இப்படித்தான். எனக்கு அலுப்பே இல்லை.

திருத்தம் இவ்வளவுதான் ஐயா. யெஸ் அழுத்தியது என் ஸ்கிரிப்ட். அதை எழுதியவன் நான். தேவதாசன் ஏறுவதற்கு இருபது நிமிடம் முன்பே எனக்குத் தெரியும். மனிதத் தவறு என்ற சொல் அக்காவுக்கும் பொருந்தாது, என் ஸ்கிரிப்ட்டுக்கும் பொருந்தாது. அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் ஜெபசுதா அக்காவுக்குத் தெரிய வேண்டாம். இப்போதுதான் வேலையில் மனம் தேறி வருகிறார். விதிப்படி அவருக்குப் படித்துக் காட்டியே தீர வேண்டும் என்றால், உங்கள் ஆட்களை நாசரேத் வரைக்கும் அலைய விட வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கள். நானே படித்துக் காட்டுகிறேன்.