எட்டுத் தொட்டிகளின் எண் குச்சிகள்

2025 மார்ச் 3ஆம் தேதி காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் பெண் உதவி ஆய்வாளர் கேட்க, நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பெயர் பாக்யலட்சுமி, வயது 51, காலஞ்சென்ற பாண்டியன் மனைவி, விரிஞ்சிபுரம், பள்ளத்தெரு.

நான் மேற்படி முகவரியில் என் மகன் பரணிதரன், மருமகள் சௌமியா ஆகியோருடன் வசித்து வருகிறேன். மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எண்கள் தடங்கல் இல்லாமல் படிப்பேன். ஆறு ஆண்டுகளாகப் பள்ளிகொண்டாவை அடுத்துள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் செடிக் கொட்டகையில் தண்ணீர் ஊற்றும் வேலை பார்க்கிறேன். இதுநாள் வரை என் மேல் ஒரு புகார் கிடையாது.

அந்தக் கொட்டகையில் அஃப்ஸர் ஜஹான் என்ற ஆராய்ச்சி மாணவி எட்டுத் தொட்டிகளில் அரைக்கீரை வளர்த்து வந்தார். நான்கு தொட்டிகளில் திமிரியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண். மற்ற நான்கில் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுநீர் பாய்ந்த நிலத்து மண். கெட்ட மண்ணிலிருந்து கீரை எவ்வளவு நஞ்சை இழுக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய படிப்பு. எட்டின் மேலும் தேங்காய்நார்த் தூள் பரப்பியிருந்ததால் எது எந்த மண் என்று பார்வைக்குத் தெரியாது. நல்லதும் கெட்டதும் மாறி மாறி வரும்படி ஒரே வரிசையில் நீள மேஜை மேல் வைத்திருந்தார். வெயில் எல்லாவற்றுக்கும் சமமாக விழ வேண்டும் என்று திங்கள்தோறும் தொட்டிகளை நகர்த்தி இடம் மாற்றுவார். அதனால் இடத்தை வைத்து அடையாளம் கிடையாது, தொட்டியில் குத்தியிருக்கும் வெள்ளைக் குச்சியில் உள்ள எண்தான் அடையாளம். எண்ணும் வரிசைப்படி இருக்காது, எப்படியோ தோன்றியபடி போட்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "மனசு நல்ல தொட்டி பக்கமா சாஞ்சிடக் கூடாதுக்கா" என்றார். எனக்கு அது அன்றும் விளங்கவில்லை.

என் மருமகள் சௌமியா ஏழு மாதக் கர்ப்பிணி. ஐந்தாம் மாதம் பரிசோதனையில் ரத்தம் கம்மி, கீரை ஜாஸ்தி சாப்பிடச் சொன்னார்கள். அதை நான் ஜஹானிடம் சொன்னபோது, சோதனைக்கு எடுத்தது போக மிச்சக் கீரையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றும், ஆனால் 14, 29, 33, 41 என்ற நான்கு எண்களில் மட்டுமே எடுக்க வேண்டும் என்றும் மூன்று முறை சொன்னார். அந்த நான்கு எண்களையும் வீட்டில் காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்தேன். மற்ற நான்கு தொட்டிக் கீரையில் ஒரு இலைகூட நான் வீட்டுக்கு எடுத்ததில்லை. வேலைக்காக அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்.

அதன் பிறகு ஜனவரி 22ஆம் தேதி, அதே பல்கலைக்கழகத்தில் காட்சி ஊடகம் படிக்கும் ஜெஸ்டன் என்ற மாணவர் இரண்டு பேருடன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். ஜஹானின் ஆராய்ச்சியைப் பற்றிப் படம் எடுப்பது அவருடைய பரீட்சைக்கு மார்க் என்று தெரிந்தது. அன்று எட்டுத் தொட்டியும் அறுக்கும் நாள். என்னைக் கீரை அறுக்கச் சொல்லிப் படம் எடுத்தார். "அக்கா, நீங்க நடிக்கல்லாம் வாணாம், தெனம் செய்றதயே செய்ங்க" என்றார். ஒரு முறை செய்வதை அன்று ஏழு முறை செய்ய வைத்தார். அறுத்த கீரையை ஜஹான் எண் வாரியாகக் கவரில் போட்டுக்கொண்டு, எடை போடுவதற்காகப் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஜெஸ்டன் தொட்டிகளைத் தனியாகப் படம் எடுக்க வேண்டும் என்றார். குழாய்ப் பக்கம் நின்றால் வெயில் எதிரே அடிக்கிறது என்று மேஜைக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அதன் பிறகு, "குச்சி இருந்தா லேப் மாதிரி தெரியுது, வயக்காடு மாதிரி தெரியல" என்று சொல்லி எட்டுக் குச்சிகளையும் பிடுங்கினார். நான் திடுக்கிட்டு, "இன்னா தம்பி பண்றே, அந்தப் பொண்ணு பாத்தா அழுதுடும்" என்றேன். அதற்கு அவர், தான் இடதுகைப் பக்கமிருந்து வரிசை மாறாமல் எடுத்துத் தெர்மாகோல் அட்டையில் அதே வரிசையில் குத்தி வைத்திருப்பதாகவும், சாப்பிட்டுவிட்டு வந்து தானே நட்டுவிடுவதாகவும், அதுவரை கலைக்க வேண்டாம் என்றும் சொன்னார். நானும் பார்த்தேன், வரிசையாகத்தான் குத்தியிருந்தார். பையன் மேல் குறை சொல்ல முடியாது.

படம் எடுத்து முடித்து அவர்கள் சாப்பிடப் போனார்கள். எனக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. குச்சி இல்லாமல் மொட்டையாக நிற்கும் தொட்டிகளை ஜஹான் வந்து பார்த்தால் பேஜாராகிவிடுமே என்று பயந்து, தெர்மாகோல் அட்டையை எடுத்துக்கொண்டு நான் எப்போதும் நிற்கும் குழாய்ப் பக்கம் வந்து, எண்கள் என்னைப் பார்க்கும்படி அட்டையைப் பிடித்துக்கொண்டு, இடதுகைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக எட்டையும் நட்டேன். அவர் வைத்த வரிசையை நான் கலைக்கவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது குச்சிகள் நட்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு கீரை மறுபடியும் துளிர்த்தது. வாரத்தில் இரண்டு முறை 14, 29, 33, 41 என்று எண் பார்த்துக் கிள்ளி வீட்டுக்கு எடுத்துப்போய் சௌமியாவுக்குச் சமைத்துக் கொடுத்தேன். இப்படி நான்கு வாரத்துக்கு மேல் நடந்தது. பிப்ரவரி 25ஆம் தேதியுடன் ஆராய்ச்சி முடிந்தது. ஜஹான் காய்ந்த இலைகளைச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார். மண்ணை மொத்தமாகச் சாக்கில் கொட்டிக் கட்டி லாரியில் ஏற்றியதும், தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்ததும் நான்தான்.

26ஆம் தேதி சௌமியாவுக்கு வாந்தி நிற்காமல், முகமும் காலும் வீங்கி, சிறுநீர் கம்மியாகி வேலூரில் மருத்துவமனையில் சேர்த்தோம். என்னென்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் அம்மா கேட்டபோது காலேஜ் கீரையைப் பற்றியும் சொன்னேன். அவர் ஜஹானுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஜஹான் அவை நல்ல மண் தொட்டிகள் என்று உறுதியாகச் சொன்னதால், கர்ப்பத்தில் வரும் பிரஷர் என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள்.

28ஆம் தேதி லீவு சொல்வதற்காகக் காலேஜுக்குப் போனேன். அன்று ஊடகத் துறை அரங்கத்தில் ஜெஸ்டனின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். "நீங்கதான் ஹீரோயின், வராம போனா எப்டி" என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார். என் மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது. படத்தில் என் கை பெரியதாகத் தெரிந்தது, அதன் பிறகு எட்டுத் தொட்டிகள் வந்தன. ஜஹான் எழுந்து நின்று, "குச்சி எங்க? குச்சிங்க எங்க?" என்று சத்தம் போட்டார். படத்தை நிறுத்தினார்கள். ஜெஸ்டன், தான் எடுத்தது உண்மை என்றும் திரும்ப நட்டது தான் அல்ல என்றும் சொன்னார். பொய் சொல்கிறான் என்று ஜஹான் அழுதார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நட்டது நான்தான் என்று என் வாயில் வரவில்லை. வரிசையாகத்தானே நட்டேன், அதில் என்ன வந்தது என்று தோன்றியது. எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு, கீரை எந்த மண்ணில் வளர்ந்தது என்று இனித் தன்னால் சொல்ல முடியாது என்று ஜஹான் டாக்டரிடம் தெரிவித்துவிட்டார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றும், குழந்தையை இப்போதே எடுப்பதா பொறுப்பதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். "எந்த மண்ணுன்னு யாராவது உறுதியா சொல்லுங்கம்மா, நான் இருட்டுல வைத்தியம் பண்ணிட்டிருக்கேன்" என்றார்.

மார்ச் 1ஆம் தேதி என் மகன், படத்துக்காகத் தன் மனைவிக்கு விஷக் கீரை கொடுத்ததாக ஜஹான், ஜெஸ்டன் இருவர் மீதும் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தான். ஜெஸ்டனைக் காலேஜை விட்டு நிறுத்திவிட்டார்கள். இன்று காலை நான் கிளம்பும்போது மகன், "ஸ்டேஷன்ல ஜாஸ்தி பேசாத. அவங்க குடுத்தாங்க, நீ வாங்கினு வந்தே, அவ்ளோதான். பெரிய எடம்மா, உம்மேல திருப்பி வுட்ருவாங்க" என்றான். சரி என்றுதான் வந்தேன்.

உதவி ஆய்வாளர் விசாரிக்கும்போது, ஜெஸ்டன் மேல் ஒரு பழி விழக் கூடாதே என்று, குச்சிகளை நட்டது நான், ஆனால் வரிசை மாறவில்லை என்று சொன்னேன். அவர் தாளைக் கிழித்து எட்டுச் சீட்டுகளில் எண் எழுதி, ஜஹானிடம் வாங்கியிருந்த நோட்டில் அந்த வாரத்துக்கு இருந்தபடி மேஜை மேல் வரிசையாக வைத்தார். எந்த இடம் நல்ல மண், எந்த இடம் கெட்ட மண் என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார். முதலில் என்னை ஜெஸ்டனாக நினைத்துக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம், ஜெஸ்டன் நின்ற பக்கமாகப் போய் எடுக்கச் சொன்னார். இடதுகைப் பக்கமிருந்து எடுத்து ஒரு அட்டை மேல் அடுக்கினேன். அதன் பிறகு, "இப்ப நீங்க நீங்களா இருங்க" என்றார். அட்டையைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போல இந்தப் பக்கம் வந்து, இடதுகைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசியில் இருந்த எண் முதலில் வந்து உட்கார்ந்தது. நல்ல எண்கள் நான்கும் கெட்ட மண்ணில் இருந்தன. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரம் செய்தேன், அப்படியேதான் வந்தது. எதிர்ப்பக்கம் நின்ற ஜெஸ்டனுடைய இடதுகை எனக்கு வலதுகை என்பது ஒரு குழந்தைக்குத் தெரியும், அன்று எனக்குத் தெரியவில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில், 11.50 மணிக்கு உதவி ஆய்வாளர் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். கெட்ட மண், நான்கு வாரம், உறுதி என்று நானும் போனில் சொன்னேன்.

ஜெஸ்டனும் ஜஹானும் கீரை விஷயத்தில் என்னை ஏமாற்றவில்லை. என் மகன் கொடுத்த புகாரில் அவர்கள் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. சௌமியாவிடம் இதை நான்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார்கள். எனக்குத் தேவை என்று சொன்னதால் எழுதப்பட்டது: சௌமியாவுக்குக் கீரை பிடிக்காது. போதும் அத்தை, குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிய நாட்களில், சோற்றில் பிசைந்து உருட்டி அவள் வாயில் ஊட்டியது நான்.

இப்படிக்கு,
பா. பாக்யலட்சுமி