பஞ்சு யார் பேச்சைக் கேட்கும்?

– கடிச்சுதா?

– சேச்சே, கடிக்கிறதாவது! மூக்குல ஈ உக்காந்தாக்கூட விரட்டாது, டாக்டரம்மா. அவ்வளவு சாது.

– அப்புறம் ஏம்மா பஞ்சுவத் திருப்பிக் குடுக்கறீங்க? எங்க நாய்க் காப்பகத்துலேர்ந்து நீங்க கூட்டிட்டுப் போயி ஒரு மாசம்கூட ஆகலியே.

– அதுக்கு என்னைப் பிடிக்கல. வேற என்னத்தச் சொல்ல?

– மேடம், நான் சொல்றேன். என் வீட்டுக்காரிக்குப் பொறாமை. நாய் என் பேச்சத்தான் கேக்குது. வான்னா வரும், நில்லுன்னா நிக்கும். நான் டிராஃபிக் போலீஸ், மேடம். நடுரோட்டுல லாரியே எனக்கு நிக்குது, நாய் நிக்காதா? அவ்வளவுதான் விஷயம்.

– ஆரம்பிச்சிட்டாரு! டாக்டரம்மா, நான் பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிப்பு சொல்றவ. என் குரலக் கேட்டா கக்கூஸ்ல இருக்கறவங்ககூட எந்திரிச்சு ஓடி வருவாங்க. இது? பின்னாடி நின்னு தொண்டத் தண்ணி வத்தக் கூப்பிட்டாலும் ஒரு பார்வை கிடையாது. ம்ஹூம்.

– குரல் இருந்தா மட்டும் போதுமாடி? தோரணை வேணும், தோரணை.

– பாத்தீங்களா? வீட்டுலயும் இதே பாட்டுதான். சோறு வைக்கறது நான், குளிப்பாட்டறது நான். இங்க இருந்த அத்தனை நாய்ல இதுதான் வேணும்னு அடம்பிடிச்சு எடுத்ததும் நான்தான். புள்ளைங்க ரெண்டும் ஹாஸ்டலுக்குப் போயாச்சு. கூப்பிட்டா திரும்பிப் பாக்க வீட்டுல ஒரு ஜீவன் வேணும்னு ஆசப்பட்டேன். மனசு வலிக்குது, டாக்டரம்மா. அதான் கொண்டாந்துட்டேன்.

– கண்ணத் தொடைங்கம்மா. சார், ஒருதடவ கூப்பிட்டுக் காட்டுங்க, பாப்போம்.

– தாராளமா! பஞ்சு, இங்க வா! நில்லு! உக்காரு! எப்படி?

– பிரமாதம். இப்ப ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு கூப்பிடுங்க.

– எதுக்கு மேடம்?

– சும்மாதான்.

– பஞ்சு, வா! பஞ்சு! டேய், வாடா! இல்ல மேடம், புது இடம் பாருங்க, கூச்சப்படுது.

– புது இடமா? இங்கதானே சார் வளந்துச்சு.

– ஹா! மாட்டிக்கிட்டாரு!

– சார், இப்ப வாயே தொறக்கக் கூடாது. டூட்டில நிக்கிற மாதிரி கைய மட்டும் காட்டுங்க. ம்... வருது. நிக்குது. அம்மா, அந்த ஸ்டீல் தட்டயும் கரண்டியையும் எடுத்துட்டு அதுக்குப் பின்னாடி போங்க. ஓங்கி ஒரு தட்டு தட்டுங்க.

– ஐயோ! ஏண்டி, உயிரே போச்சு!

– நீங்க துள்ளிக் குதிச்சீங்க சார். பஞ்சு அசையவே இல்ல.

– டாக்டரம்மா, அப்படின்னா...

– காது கேக்கலம்மா. சுத்தமா கேக்கல. இங்க மத்த நாயெல்லாம் ஒண்ணா குரைக்கறப்ப இது மட்டும் சுருண்டு தூங்கும். என்ன சாதுன்னு நாங்களும் மெச்சிக்கிட்டோம். தப்பு எங்கமேலதான்.

– அப்ப என் தோரணை?

– தோரணையெல்லாம் இல்ல சார், கைதான். பழக்கதோஷம், பேசறப்பெல்லாம் உங்களுக்கு அது ஆடுது. நாய் அதப் பாத்துப் பாத்துப் புரிஞ்சுக்கிச்சு.

– சரி விடுங்க மேடம், ஆனது ஆச்சு. இத இங்கயே வச்சுக்கங்க. இவ கூப்பிட்டா ஓடி வர்ற மாதிரி, காது நல்லா கேக்கற நாயா ஒண்ணு குடுங்க. அவ்வளவுதான் விஷயம்.

– குடுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அம்மா, பஞ்சு எங்க படுக்குது?

– எங்க படுக்கும்? எங் கால்மேலதான். புரண்டு படுக்க விடாது. அவரு பக்கம் அவ்வளவு எடம் கெடக்கு, போய்த் தொலையாது. நான் தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட முழிச்சுக்கிட்டு பின்னாடியே வரும்.

– காது கேக்காத நாய்க்குத் தூங்கறதுக்குத்தாம்மா பயம். யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு அதுக்குத் தெரியாதுல்ல. அதனால, அது முழுசா நம்பற ஆள்மேல ஒட்டிக்கிட்டுத்தான் கண்ண மூடும். அவங்க எந்திரிச்சா அதுக்குத் தெரியணுமே.

– அட, அதனாலதானா! என் பக்கம் ஒருநாளும் வந்ததில்ல, மேடம்.

– இப்ப சொல்லுங்கம்மா. வேற நாயக் காட்டட்டுமா?

– ஏங்க, அந்தக் கைய இப்படிக் கொண்டாங்க. சாப்பிட வான்னு அதுக்கு எப்படிக் காட்டுவீங்க? மெதுவாக் காட்டுங்க, நான் கத்துக்கணும்.