ஆறு குவளைகளும் தீராத குழப்பமும்

கலங்கிய நீரைத் தெளிவித்தவரே! தெளிவாயிருந்த எங்களைக் கலக்கியவரே! நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் முதுநிலை வேதியியலாளரே, எங்கள் குவளை அக்காவே, வணக்கம்!

முப்பத்தொரு ஆண்டுகளாகக் காலைதோறும் ஆற்றுநீரை ஆறு குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைச் சற்றே கூட்டிக் கலக்கி, எது தெளிகிறதென்று கண்டு, ஊருக்கே அளவு சொன்ன உங்கள் கண்ணுக்கு நிகர் எக்கண்? உங்கள் அறிவை வியக்கிறோம். அதில் பாதி இன்னும் புரியவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

மண்துகள் ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்னேற்றம் உண்டு, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் என்றீர்கள், தலையாட்டினோம். படிகாரத்தின் நேர் அயனிகள் மொய்த்துக்கொண்டால் தள்ளுவிசை தளர்ந்து, துகள்கள் ஒட்டி, கட்டியாகி, அடியில் படியும் என்றீர்கள், அதற்கும் ஆட்டினோம். அப்படியானால் அள்ளிப் போட்டால் பளிங்காகுமே என்று, நீங்கள் விடுப்பில் இருந்த அந்த ஒரே நாளில் இரு மடங்கு போட்டோமே! ஊர்க் குழாய்களில் சேற்று நிறம். மேலாளர் முகத்தில் எந்த நிறமும் இல்லை.

ஓடி வந்தீர்கள். ஏசவில்லை. "அயனி அளவுக்கு மீறி ஒட்டினா, துகள் மேல இருக்கறது நேர் மின்னேற்றமா மாறிடும்பா. மறுபடி ஒண்ணையொண்ணு தள்ளும். இன்னும் கொஞ்சம் போட்டா நல்லதுதானேன்னு கை நீளக் கூடாது" என்றீர்கள். விசாரணையில், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது புரிகிறது அக்கா. சேர்த்து வைத்த அதே அயனி பிரித்தும் வைப்பானேன் என்பதுதான் இன்றும் விளங்கவில்லை.

இன்றோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். நாளைக் காலை அந்த அளவை நாங்கள் சொல்ல வேண்டும். மேற்கே மழை, ஆறு தேநீர் நிறத்தில் வருகிறது. பயமாக இருக்கிறது.

ஆகவே, மேடை மேசையிலுள்ள ஆறு குவளைகளை அலங்காரமென்று எண்ண வேண்டாம். அவற்றில் இருப்பது இன்றைய ஆற்றுநீர். விழாவுக்கு முன் நாங்களே கலக்கி, உற்றுப் பார்த்து, எங்களுக்குள் சண்டையும் போட்டு, ஒரு குவளையைத் தேர்ந்தோம். அதன் எண்ணை இம்மடலின் சட்டத்துக்குப் பின்புறம் எழுதியிருக்கிறோம்.

நோயின்றி நீடு வாழ்க! நிறைவோடு வாழ்க! வாழ்த்தை ஏற்றபின் குவளைகளைப் பாருங்கள். பிறகு சட்டத்தைத் திருப்புங்கள். எண் சரியென்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். தவறென்றால், மாலை ஐந்து மணிவரை நீங்கள்தான் எங்கள் அதிகாரி. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, உட்காருங்கள் அக்கா!

இவண்,
தலையாட்டியே காலம் கழித்த
ஆய்வகத்தாரும் பம்பு அறையினரும்