சப்தமியன்று கிடர்பூர்

வித்யா: டாக்ஸிக்காரரை லேக் பக்கம் போகச் சொல்லுங்கோன்னா! காலங்கார்த்தால சொல்லாம கிளம்பின மாஷிமா வேற எங்க போயிருப்பா?

வெங்கடம்: கிடர்பூர்தான். பையா, ஹாஜ்ரா வழியா விடுங்க... ஜல்தி, ஜல்தி.

வித்யா: கிடர்பூரா? லாரியும் கை வண்டியுமா இருக்கிற இடம். எதிர் ஃப்ளாட்லேர்ந்து நம்மாத்துக்கு வரவே அவாளுக்கு என் கை வேணும்...

வெங்கடம்: அவா ஆத்துக்காரர் ஆபீஸ் அங்கதானே இருந்தது?

வித்யா: இருந்தது! அந்த மனுஷர் போய்ச் சேர்ந்தே எத்தனையோ வருஷம் ஆச்சு.

வெங்கடம்: அது உனக்கும் எனக்கும் தெரியும். அவாளுக்கு ஞாபகம் இருக்கணுமே.

வித்யா: அதுக்கு இன்னிக்கு ஏன் அங்க போகணும்?

வெங்கடம்: இன்னிக்கு துர்கா பூஜை சப்தமி. அந்தக் காலத்துல சப்தமின்னா அவருக்கு அரை நாள் ஆபீஸாம். மாஷிமா பஸ் பிடிச்சுப் போய் கேட் வாசல்ல நிப்பாளாம். அங்கேர்ந்தே ரெண்டு பேருமா பூஜைப் பந்தல் எல்லாம் பாத்துண்டு வருவாளாம்.

வித்யா: இதெல்லாம் உங்களுக்கு எப்போ சொன்னா?

வெங்கடம்: நேத்து. நீ சுண்டல் தாளிச்சிண்டிருந்தே.

வித்யா: என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?

வெங்கடம்: சொல்லி? நீ கொலுவுல இருந்தே, நான்... அட, என்னது இது, இங்கயும் தடுப்பா?

வித்யா: பந்தலுக்காக ரோடை அடைச்சிருக்கா. ஐயோ, எவ்ளோ கூட்டம்... இந்தக் கூட்டத்துல அவா எங்க மாட்டிண்டாளோ. போன் அடிக்கறது. அவா பொண்ணு மிட்டு!

வெங்கடம்: எடுக்காதே. என்ன சொல்லுவே?

வித்யா: எடுக்காட்டா இன்னும் பயப்படுவா, பாவம். ஹலோ... சொல்லு மிட்டு... இல்லம்மா, வழிலதான் இருக்கோம்... கேளு... நான் சொல்றதை சித்த கேளு... வச்சுட்டா.

வெங்கடம்: என்னவாம்?

வித்யா: "எங்கம்மாவை என்ன பண்ணினீங்க"ன்னு கேக்கறாள்னா. தொலைச்சுட்டேளான்னு கூட இல்லை. என்ன பண்ணினோமாம்! மத்தியான ஃப்ளைட்டுல வராளாம். நேரா போலீஸ் ஸ்டேஷன்தானாம்.

வெங்கடம்: வேணும், நன்னா வேணும். இழுத்துப் போட்டுண்டியே.

வித்யா: நானா போய் இழுத்தேன்? தில்லில ஆபீஸ் வேலை, ஆயா பூஜைக்கு லீவு போட்டுட்டா, என்ன பண்றதுன்னே தெரியலை பௌதின்னு வாசல்ல நின்னு அழுதா. எங்காத்துல விட்டுட்டுப் போம்மான்னேன். கொலை பண்ணினேனா?

வெங்கடம்: பண்ணாததுக்கே போலீஸ் வரப் போறதே!

வித்யா: ஜுரம்னா ரசம் யார் குடுத்தா? குளிக்கற ரூம்ல விழுந்தப்போ ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிண்டு ஓடினா? அப்பல்லாம் பௌதி, பௌதி, சொந்த மன்னி மாதிரி. இன்னிக்கு நான் பிள்ளை பிடிக்கறவளாயிட்டேன்.

வெங்கடம்: அதான் சொல்றேன். அடுத்தாத்துக் கவலையெல்லாம் நமக்கு எதுக்குன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்...

வித்யா: நீங்களும் தலைய ஆட்டினேள்!

வெங்கடம்: நீ சரின்னப்புறம் நான் ஆட்டாம?

வித்யா: போகட்டும். காலைல ஹால்ல யார் இருந்தா? நான் குளிக்கப் போயிருந்தேன். நீங்கதானே?

வெங்கடம்: ...பேப்பர் எடுக்கக் கீழ போனேன். அவா தூங்கறான்னு நினைச்சுண்டேன்.

வித்யா: கதவைச் சாத்திண்டு போனேளா?

வெங்கடம்: சாத்தினேன்.

வித்யா: சாத்தினேளா, சாத்தினதா நினைச்சுண்டேளா?

வெங்கடம்: இப்ப அதைத் தோண்டி என்ன ஆகப் போறது? ரோடைப் பாரு. உன் பக்கம் நீ பாரு, என் பக்கம் நான் பாக்கறேன்.

வித்யா: பாத்துண்டுதான் இருக்கேன். எல்லாருமே புதுப் புடவை. யாரைன்னு பாக்கறது? ஏன்னா, ஒரு லாரிக்காரன் பாக்காம...

வெங்கடம்: சும்மா இரு. அபசகுனமா பேசாதே.

வித்யா: ஆத்துலேர்ந்து ஹம்சினி கூப்பிடறா. ஒருவேளை மாஷிமா வந்துட்டாளோ? ஹலோ, வந்துட்டாளாடி?... ஸ்பீக்கர்ல போடறேன், அப்பாவும் கேக்கட்டும். சொல்லு.

ஹம்சினி: வரலைம்மா. தெருப் பசங்க எல்லாம் தேடறா. தெருமுனைல இருக்கற பூக்காரர் மட்டும், ஒரு வயசானவா கிடர்பூர் பஸ்ல ஏறினதைப் பாத்தாராம்...

வெங்கடம்: பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா!

ஹம்சினி: ஆனா அது மாஷிமா இல்லப்பா. அவா வகிட்டுல சிந்தூர் இருந்ததாம். நாம வாட்ஸ்அப் குரூப்ல அடையாளம் போட்டது வெறும் நெத்தின்னுதானே? அதனால விட்டுட்டா. இப்ப எல்லாரும் லேக் பக்கம் போயிருக்கா.

வித்யா: ஐயோ... அவாதான்டி அது! அவாதான்! எல்லாருக்கும் உடனே சொல்லு. குரூப்ல மாத்திப் போடு. வை, வை.

வெங்கடம்: வித்யா? மாஷிமா வகிட்டுல சிந்தூர் எங்கேர்ந்து வந்தது?

வித்யா: திட்டாம கேளுங்கோ.

வெங்கடம்: சொல்லு.

வித்யா: நேத்து சாயங்காலம் எல்லாரும் வந்திருந்தாளோல்லியோ... நீங்க வெளில போயிட்டேள். வரிசையா எல்லாருக்கும் குங்குமம் குடுத்துண்டே வந்தேன். ஜெயப்ரியா, கிருஷ்ணம்மாள் மாமி... அடுத்தது மாஷிமா. குழந்தை மாதிரி நெத்திய நீட்டினா. மாமி கண்ணாலேயே கூடாதுங்கறா. எனக்குக் கை முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை. எப்படின்னா தாண்டிப் போறது? அத்தனை பேர் நடுவுல?

வெங்கடம்: இட்டுட்டே.

வித்யா: நெத்தில சின்னதா ஒண்ணுதான். அவாளே விரலால தொட்டு, வகிட்டுல இழுத்துண்டுட்டா. கண்ணாடி கொண்டான்னா. பாத்துட்டு... அந்த முகத்தை நீங்க பாக்கலையே. மாட்டுப்பொண்ணுகிட்ட சொல்றாப்ல "பாரு பௌமா, அவர் இருக்கார்"னா. அவா தூங்கினப்புறம் துடைச்சுடலாம்னு நினைச்சேன். மனசு வரலை. காலைல குரூப்ல எழுதறச்சே, மிட்டுவும் பாப்பாளேன்னு பயந்துண்டு... வெறும் நெத்தின்னு போட்டுட்டேன். அதனாலதான் பஸ்ல ஏறினவாளைக் கூட விட்டுட்டா. எல்லாம் என்னாலதான். திட்டுங்களேன். ஏன் வாயே திறக்க மாட்டேங்கறேள்?

வெங்கடம்: உன்னால மட்டும் இல்லை... விடு. பாலம் வந்துடுத்து. பையா, லெஃப்ட், லெஃப்ட்... அந்தப் பெரிய கேட்.

வித்யா: பூட்டியிருக்கே! ஒருத்தரையும் காணுமே. ஐயோ, இங்கயும் இல்லேன்னா...

வெங்கடம்: இரு, இரு. அந்த டீக்கடை பெஞ்ச்ல பாரு. வாட்ச்மேன் பக்கத்துல.

வித்யா: மாஷிமா! பெருமாளே... மாஷிமா!

மாஷிமா: ஓடாதே பௌமா, விழுந்துடப் போறே. டீ குடிக்கிறியா?

வித்யா: டீயா! எங்களுக்கு உயிரே போயிடுத்து மாஷிமா. காலெல்லாம் புழுதி... செருப்பு எங்க? அடி பட்டுதா?

மாஷிமா: எனக்கு ஒண்ணும் இல்லை. இந்த வாட்ச்மேனைக் கொஞ்சம் கேளேன். ஆபீஸ் மூடிட்டாங்களாம், உள்ளே யாருமே இல்லையாம். இவன் புது ஆள், இவனுக்கு அவரைத் தெரியலை.

வெங்கடம்: வித்யா, மிட்டு பாக்கறதுக்குள்ள அந்தக் குங்குமத்தைத் துடைச்சு விடு.

மாஷிமா: ஏய், என்ன பண்றே? துடைக்காதே. அவர் பார்க்கட்டும்.

வித்யா: மாஷிமா... அவர் இங்க இருக்கார்னு உங்களுக்கு யார் சொன்னா?

மாஷிமா: யாரா? உன் வீட்டுக்காரன்தான். நேத்து சொன்னானே, "ஆபீஸுக்குப் போயிருக்கார் மாஷிமா, வந்துடுவார்"னு. ராத்திரி வரலையே. சப்தமியாச்சே, நானே போய்க் கூட்டிட்டு வரலாம்னு கிளம்பிட்டேன்.

வித்யா: ஏன்னா...? பெங்காலில வேண்டாம், தமிழ்லயே சொல்லுங்கோ. அவாளுக்குப் புரியாது. நீங்களா சொன்னேள்?

வெங்கடம்: வந்த நாள்லேர்ந்து அவர் எங்க, அவர் எங்கன்னு கேட்டுண்டே இருந்தா. நானும் உண்மையத்தான் சொன்னேன், வித்யா. சொல்றப்போல்லாம் அப்பத்தான் மொத தடவையா கேக்கறவா மாதிரி விழுந்து விழுந்து அழறா. சித்த நேரத்துல மறந்துட்டு மறுபடியும் கேக்கறா. என்னால எத்தனை தரம்தான் அவாளை அழ வைக்க முடியும்? நேத்து மத்தியானம் கேட்டப்போ... ஆபீஸ் போயிருக்கார்னுட்டேன். சிரிச்சா. சாதம் கூட ரெண்டாந்தரம் வாங்கிண்டா.

வித்யா: வழியெல்லாம் என்னைத் திட்டிண்டு வந்தேளே...

வெங்கடம்: பயம். வேற யாரைத் திட்டுவேன்?

மாஷிமா: என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்? அவர் எங்கேன்னு யாராவது சொல்லுங்களேன்.

வெங்கடம்: இனிமே இது வேண்டாம் வித்யா. பொய் சொல்லித்தான் இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கோம். நீயே உண்மைய சொல்லிடு. என் வாயால வராது.

வித்யா: மிட்டு மறுபடி அடிக்கறா...

வெங்கடம்: அவகிட்ட அப்புறம் நான் பேசிக்கறேன். மொதல்ல இவாகிட்ட சொல்லு.

மாஷிமா: பௌமா... ஏன் அழறே? அவருக்கு ஒண்ணும் இல்லையே?

வித்யா: ஒண்ணும் இல்லை மாஷிமா. நீங்க இங்க வந்தேள், அவர் அந்தப் பக்கமா ஆத்துக்குக் கிளம்பிட்டாராம். வாங்கோ... நாமளும் போயிடலாம்.